ஏறுவது விமானமா, காற்றா? வேரியோமீட்டரின் கதை

ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். அடுத்த தடவை உயரமான அபார்ட்மெண்ட்டுல லிஃப்ட்ல ஏறும்போது கண்ணை மூடிக்கோங்க. கிளம்பும்போது உடம்பு கனமாகிற மாதிரி இருக்கும். நிற்கும்போது வயிறு லேசாகிற மாதிரி இருக்கும். நடுவுல? ஒண்ணுமே தெரியாது. மேலே போறோமா, கீழே போறோமா, சும்மா நிக்கிறோமான்னு கூடச் சொல்ல முடியாது.

நம் உள்காதில் இருக்கும் உறுப்புகள் வேகத்தை உணர்வதில்லை, வேகத்தில் வரும் மாற்றத்தை மட்டும்தான் உணரும். ஒரே சீரான வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும் உடம்புக்கு அது நிற்பதும் ஒன்றுதான்.

லிஃப்ட்ல இதனால ஒரு பிரச்சனையும் இல்லை, மாடி நம்பர் காட்டுற டிஸ்ப்ளே இருக்கு. ஆனா கிளைடர், அதாவது எஞ்சினே இல்லாத விமானம், அதுல உட்கார்ந்திருக்கிறவரை யோசிச்சுப் பாருங்க. அசையாத காற்றில் கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நல்ல நவீன கிளைடர் விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக இறங்கும், ஆனால் இறங்கும். அது ஏற வேண்டுமென்றால், அதைச் சுற்றியிருக்கும் காற்று அதைவிட வேகமாக மேலே போக வேண்டும். அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. அப்போ பைலட்டுக்கு எப்படித் தெரியும்?

அதுக்கு ஒரு கருவி இருக்கு. பேரு வேரியோமீட்டர். செல்லமா வேரியோ. ஒரு ஃபிளாஸ்க்கில் ஆரம்பித்து இன்று கிட்ஹப்பில் வந்து நிற்கும் அதன் கதைதான் இந்த எபிசோட்.

எஞ்சினுக்குத் தடை

1919-இல் வெர்சாய் ஒப்பந்தம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது, விமானம் தயாரிக்கவும் கடுமையான கட்டுப்பாடுகள். ஆனால் எஞ்சின் இல்லாத விமானத்தைப் பற்றி அந்த ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை. பறக்கும் ஆசை இருந்த இளைஞர்கள் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியின் நடுவில் ரோன் என்று ஒரு மலைப்பகுதி. அதன் உச்சி வாசர்குப்பே, உயரம் 950 மீட்டர். மரம் இல்லாத, காற்று வீசும் மொட்டைச் சரிவு. 1920-இல் ஓஸ்கார் உர்சினுஸ் என்ற பத்திரிகையாசிரியரின் முயற்சியில் அங்கே முதல் கிளைடர் போட்டி நடந்தது. வந்தவர்களில் நிறைய பேர் இன்ஜினியரிங் மாணவர்கள். தாங்களே டிசைன் பண்ணி, தாங்களே மரத்தை அறுத்து ஒட்டி, தாங்களே ஓட்டினார்கள். நம்ம காலேஜ் ப்ராஜெக்ட் மாதிரிதான், ஆனா வைவாவுக்குப் பதிலா மலை உச்சியில இருந்து குதிக்கணும்.

1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்கள் கட்டிய 'வாம்பிர்' என்ற கிளைடரில் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்தார். சில நாட்களிலேயே அதே கிளைடரில் ஹென்ட்ஸன் அதை மூன்று மணி நேரமாக்கினார். இது எப்படி முடிந்தது? மலையில் மோதும் காற்றுக்குப் போக வேறு வழியில்லை, மேலே திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த மேல்நோக்கிய காற்றில் மலையை ஒட்டி முன்னும் பின்னும் போய்வந்தால் காற்று வீசும்வரை பறக்கலாம்.

இதில் ஒரு வசதி உண்டு. மேலேறும் காற்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், மலை எங்கேயோ அங்கே. ஒரு சிக்கலும் உண்டு. மலையை விட்டு விலகினால் கதை முடிந்தது. கிளைடர் மலையோடு கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி.

கயிற்றை அறுக்க இன்னொரு வழி இருந்தது. வெயிலில் நிலம் சூடாகும். எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாகாது. அதிகம் சூடான இடத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி எழும். இதுதான் தெர்மல். உச்சி வெயிலில் நம் ஊர் மேலே பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமடித்தே ஏறுவது இதில்தான். பருந்துக்கு அது எப்படியோ தெரிகிறது. மனுஷனுக்குத் தெரியலை.

ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு ஓட்டையும்

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இது மீட்டருக்குச் சுமார் 0.12 ஹெக்டோபாஸ்கல். மொத்த அழுத்தம் 1013. அதாவது ஒரு மீட்டர் ஏறினால் எட்டாயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகத்தான் மாறுகிறது. இந்தத் துளி மாற்றத்தை, அதுவும் விநாடிக்கு விநாடி, எப்படிப் பிடிப்பது?

ஒரு ஃபிளாஸ்க் எடுத்துக்கோங்க. காபி ஊத்துற அதே மாதிரி, அரை லிட்டர் அளவு. அதன் வாயை மூடி, ஒரு மெல்லிய குழாய் வழியாக மட்டும் வெளிக்காற்றோடு இணைக்கிறோம். விமானம் ஏறினால் வெளியே அழுத்தம் குறையும், ஃபிளாஸ்க்கிலிருந்து காற்று வெளியே ஓடும். இறங்கினால் உள்ளே ஓடும். ஒரே உயரத்தில் இருந்தால் ஓட்டமே இருக்காது. அந்த ஓட்டத்தின் வழியில் ஒரு முள்ளை வைத்தால், எவ்வளவு வேகமாக ஏறுகிறோம் என்று அது காட்டும். சாதாரண பாட்டில் போதாதா? போதாது. வெயில் பட்டு உள்ளே இருக்கும் காற்று சூடானாலே விரியும், முள் பொய் சொல்லும். வெப்பம் புகக் கூடாது என்பதற்காகத்தான் ஃபிளாஸ்க்.

பலூனில் பறந்தவர்களுக்கு இந்தக் கருவி முன்பே பழக்கம். அதை கிளைடருக்குக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னவர் விமான வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் லிப்பிஷ். அதை எடுத்துக்கொண்டு பறந்தவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ராபர்ட் க்ரோன்ஃபெல்ட். 1929 மே மாதம் டூடோபர்க் மலைத்தொடரை ஒட்டி அவர் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். கிளைடரில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அடுத்த வருஷம், 1930-இல், வோல்ஃப் ஹிர்த் அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊரில் வேரியோவோடு பறந்தார். வானத்தில் வழிகாட்ட மேகம்கூட இல்லை. முள் மேலே போன இடத்தில் வட்டமடித்தார், ஏறினார், அடுத்த தெர்மலுக்குப் போனார். மோட்டார்சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். கிளைடர் மலையை விட்டு விடுதலையானது இப்படித்தான்.

க்ரோன்ஃபெல்டின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. அவர் யூதர். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியில் அவருக்கு இடமில்லை. கடைசியில் இங்கிலாந்துக்குப் போய், அந்நாட்டுக் குடிமகனாகி, 1948-இல் ஒரு சோதனை விமானத்தை ஓட்டும்போது விபத்தில் இறந்தார்.

ஒரு நிமிஷம், இங்கே நின்னு அந்த ஃபிளாஸ்க்கை இன்னொரு தடவை பாருங்க. எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களுக்கு இது பழகின முகம். ஃபிளாஸ்க் ஒரு கெப்பாசிட்டர், மெல்லிய குழாய் ஒரு ரெசிஸ்டர். ரெண்டும் சேர்ந்தா நாம லேப்ல போட்ட அதே ஆர்சி சர்க்கியூட். ஃபிளாஸ்க் பெரிதாகவும் குழாய் மெல்லியதாகவும் இருந்தால் முள் நிதானமாக, ஆனால் லேட்டாக நகரும். மாற்றிவைத்தால் முள் வேகமாக நகரும், ஆனால் அசைவு குறைவாக இருக்கும். ஒரு ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும் என்ற முடிவு அங்கே கண்ணாடியிலும் உலோகத்திலும் எழுதப்பட்டிருந்தது. திறந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

முள் சொல்லும் பொய்

வேரியோ வந்ததும் ஒரு புதுப் பிரச்சனை வந்தது. கிளைடர் விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். பைலட் கட்டுப்பாட்டுக் கம்பியை, அதாவது ஸ்டிக்கை, பின்னால் இழுக்கிறார். மூக்கு தூக்குகிறது, வேகம் 25 மீட்டராகக் குறைகிறது. குறைந்த வேகம் எங்கே போச்சு? உயரமாக மாறியது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 50 மீட்டர், ஒரு பதினாறு மாடிக் கட்டிடம். இந்த நேரத்தில் வேரியோ முள் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆஹா, பெரிய தெர்மல்! ஆனால் காற்று கொஞ்சம்கூட அசையவில்லை. பைலட் தன் வேகத்தை உயரமாக மாற்றியதுதான் நடந்தது. பைலட்கள் இதற்கு 'ஸ்டிக் தெர்மல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கருவி பொய் சொல்லவில்லை. விமானம் ஏறியது உண்மைதான். ஆனா நாம கேட்ட கேள்வி அது இல்லையே. ஏறுவது விமானமா, காற்றா என்பதுதான் கேள்வி.

தீர்வின் அடிப்படை ஒன்பதாம் வகுப்பு இயற்பியல். உயரத்தால் வரும் ஆற்றலையும் வேகத்தால் வரும் ஆற்றலையும் கூட்டுங்கள். பைலட் ஒன்றை இன்னொன்றாக மாற்றினால் கூட்டுத்தொகை மாறாது. கூட்டுத்தொகை கூடுகிறது என்றால் வெளியிலிருந்து யாரோ ஆற்றல் கொடுக்கிறார்கள், அதாவது காற்று. உயரத்துக்குப் பதிலாக இந்த மொத்த ஆற்றல் மாறும் வேகத்தைக் காட்டினால் போதும். இந்த யோசனையை 1939-40 வாக்கில் முன்வைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ். இதய நோயாளிகளுக்கு உதவும் பலூன் பம்ப்பை உருவாக்கியதிலும் பின்னாளில் அவருக்குப் பங்கு உண்டு.

இதைக் கருவியில் செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விமானத்துக்கு வெளியே, சரியான கோணத்தில் வளைத்து, சரியான இடத்தில் துளை போட்ட ஒரு சின்னக் குழாயை நீட்டிவைத்தார்கள். வேகம் கூடக் கூட அந்தத் துளையில் உறிஞ்சல் கூடும், வேகத்தின் வர்க்கத்துக்குச் சரியான விகிதத்தில். வேரியோவை அந்தக் குழாயோடு இணைத்தால், வேகம் மாறுவதால் வரும் போலி ஏற்றம் தானாகவே கழிந்துவிடும். ஒரு வரி கோட் இல்லை. வளைந்த குழாயே கணக்குப் போடுது.

அதே காலப்போக்கில் இன்னொரு கணக்கும் வேரியோவில் ஏறியது. பால் மெக்ரெடி வேரியோவின் முகப்பைச் சுற்றி, திருப்பக்கூடிய ஒரு வளையத்தை வைத்தார். அடுத்த தெர்மல் எவ்வளவு பலமாக இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதற்கு ஏற்ப அதைத் திருப்பிவைத்தால், இப்போது எந்த வேகத்தில் பறக்க வேண்டும் என்று முள்ளும் வளையமும் சேர்ந்து சொல்லும். கீழிறங்கும் காற்றில் வேகமாகக் கடந்துவிடு, மேலேறும் காற்றில் நிதானமாகப் போ. 1956-இல் பிரான்ஸில் நடந்த உலக கிளைடர் சாம்பியன்ஷிப்பை வென்ற முதல் அமெரிக்கர் அவர்தான். 1977-இல் மனிதன் பெடல் மிதித்தே பறக்கும் விமானத்துக்காகக் கிரெமர் பரிசை வென்றவரும் அதே ஆள்தான்.

போருக்குப் பிந்தைய காலத்தில் எலெக்ட்ரிக் வேரியோக்கள் வந்தன, கூடவே சத்தமும் வந்தது. ஏறினால் பீப் பீப் என்று சுருதி கூடும், இறங்கினால் சுருதி தாழும். இது வெறும் வசதி இல்லை. ஒரு நல்ல தெர்மலில் பல கிளைடர்கள் ஒரே வட்டத்தில் சுற்றும். அப்போது கண் முள்ளில் இருக்கக் கூடாது, வெளியே இருக்க வேண்டும். வேரியோவைக் காதுக்கு மாற்றியதால் கண் உயிரைக் காக்கிற வேலைக்குத் திரும்பியது.

ஃபிளாஸ்க் போய் சிப் வந்தது

இப்போ நம்ம காலம். எம்எஸ்5611 என்று ஒரு சென்சார். 5 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலம். அழுத்தத்தை 24 பிட் டிஜிட்டல் எண்ணாகத் தரும். சுமார் 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லும் என்கிறது டேட்டாஷீட். மேஜையிலிருந்து தரைக்கு எடுத்துவைத்தால் அதற்குத் தெரியும். ஃபிளாஸ்க்கே தேவையில்லை. உயரத்தைத் தொடர்ந்து எடு, முந்தையதைக் கழி, நேரத்தால் வகு. ஏறும் வேகம் ரெடி. அவ்ளோதானே?

அவ்ளோ இல்லை. விநாடிக்கு 50 தடவை படிக்கிறோம் என்று வையுங்கள். ஒரு படிப்புக்கும் அடுத்ததுக்கும் 0.02 விநாடி. அந்த 10 சென்டிமீட்டர் தடுமாற்றம் இடையில் புகுந்தால்? 0.1 மீட்டரை 0.02-ஆல் வகுங்கள். விநாடிக்கு 5 மீட்டர். மேஜை மேல் சும்மா கிடக்கும் சென்சார், அபாரமான தெர்மலில் ஏறுகிற மாதிரி கத்தும்.

சரி, சராசரி எடுக்கலாம். சில விநாடிகளின் அளவுகளைச் சேர்த்தால் சத்தம் அடங்கும். ஆனால் பதில் தாமதமாகும். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 45 டிகிரி சாய்ந்து சுற்றும் கிளைடருக்கு ஒரு முழு வட்டம் சுமார் 16 விநாடி. வேரியோ 3 விநாடி லேட் என்றால் 75 மீட்டர் தாண்டிய பிறகுதான் 'இங்கேதான் நல்ல காற்று' என்று சொல்லும். வட்டத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தள்ளி. பைலட் அதை நம்பி வட்டத்தை நகர்த்தினால் தெர்மலை விட்டு வெளியே போய்விடலாம். உயரம் குறைவாக இருந்தால் அடுத்த வாய்ப்பு கிடைக்காது, ஏதாவது ஒரு வயலில் இறங்க இடம் தேட வேண்டியதுதான்.

இங்கே உதவிக்கு வருவது 1960-இல் ருடால்ஃப் கால்மான் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கால்மான் ஃபில்டர். அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டலிலும் பயன்பட்டது. அதன் மனப்பான்மை எளிது: 'இப்போதைய நிலையை வைத்து அடுத்து எங்கே இருப்பேன் என்று ஊகிக்கிறேன். சென்சார் வேறொன்று சொன்னால், அதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு என் ஊகத்தைத் திருத்துகிறேன்.' இதில் முக்கியமான ஒரு எண் உண்டு: காற்று எவ்வளவு திடீரென்று மாறும் என்று எதிர்பார்க்கிறோம் என்பது. எண் பெரிதானால் வேரியோ சுறுசுறுப்பாகும், பதற்றமும் படும். சிறிதானால் நிதானமாகும், தாமதமும் ஆகும்.

நான் ஒரு பிரேக்அவுட் போர்டும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் ஒரு சின்ன பஸ்ஸரும் வாங்கி வீட்டில் இதைக் கட்டிப் பார்த்தேன். நான் பைலட் இல்லை, என் வானம் எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்தான். அந்த ஒரே எண்ணை மாற்றிக்கொண்டே மேலும் கீழும் போனேன். ஒரு செட்டிங்கில் கதவு மூடிய உடனே பீப் அடித்தது, ஆனால் நின்ற பிறகும் கிறுக்குத்தனமாக உளறியது. இன்னொன்றில் பரம சாந்தம், ஆனால் மூன்றாவது மாடி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தது. வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு தடவை வந்து, "என்ன தம்பி, லிஃப்ட் ரிப்பேரா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

அந்த லிஃப்டில் எனக்குப் புரிந்த விஷயம் இது: சரியான எண் என்று ஒன்று இல்லவே இல்லை. யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதான்.

யார் தேர்ந்தெடுக்கிறார்?

கடையில் வாங்கும் எலெக்ட்ரானிக் வேரியோவில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் அந்தக் கம்பெனியின் இன்ஜினியர். நல்ல இன்ஜினியராகத்தான் இருப்பார், கருவியும் அருமையாக இருக்கும். பெரிய டிஸ்ப்ளேயோடு வரும் செட்டுகளுக்குச் சில ஆயிரம் யூரோ விலை. சில செட்டிங்குகளை நாம் மாற்றலாம், ஆனால் உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்பது பூட்டிய பெட்டி.

இன்னொரு பாதை 2004 கடைசியில் தொடங்கியது. எக்ஸ்சிசோர் என்ற கிளைடர் சாஃப்ட்வேரை விற்றுவந்த ஒரு பிரிட்டிஷ் ப்ரோகிராமர், சொந்தக் காரணங்களால் அதைத் தொடர முடியாத நிலையில், மொத்த கோடையும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டார். சாதாரணமாக இப்படி ஒரு தயாரிப்பு அன்றைக்கே செத்திருக்கும். இதற்கு மறுபிறவி கிடைத்தது. பாக்கெட் கம்ப்யூட்டர் காலத்தில் பிறந்த அது ஆண்ட்ராய்டுக்கு வந்தது, வெயிலில் நன்றாகத் தெரியும் என்பதால் கோபோ என்ற இ-புக் ரீடருக்குக்கூடப் போனது.

அதன் பக்கத்தில் வளர்ந்ததுதான் ஓப்பன்வேரியோ. சர்க்கியூட் படத்திலிருந்து சாஃப்ட்வேர் வரை எல்லாமே திறந்த கருவி. ஒரு சின்ன லினக்ஸ் போர்டு, அதோடு ஒரு சென்சார் போர்டு. அந்த சென்சார் போர்டு மூன்று அழுத்தங்களை அளக்கிறது: சாதாரணக் காற்றழுத்தம், வேகத்தால் வரும் அழுத்தம், அந்த வளைந்த குழாயிலிருந்து வரும் அழுத்தம். ஒரு ப்ரோகிராம் இவற்றைப் படித்து ஃபில்டர் பண்ணுகிறது. இன்னொரு ப்ரோகிராம் சத்தம் எழுப்புகிறது. எந்த அளவுக்குக் கீழே சத்தமே வரக் கூடாது என்பதுகூட ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி. ஏறும் வேகம் சாதாரண டெக்ஸ்ட் வரியாக எக்ஸ்சிசோருக்குப் போகிறது, வேறு எந்த ப்ரோகிராமும் அதைப் படிக்கலாம். இஎஸ்பி32 சிப்பை வைத்துக் கட்டிய எக்ஸ்சிவேரியோ மாதிரி வேறு திறந்த கருவிகளும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் சால்டர் பண்ணிய கருவியை மட்டும் நம்பி யாரும் பறப்பதில்லை. பறக்கவும் கூடாது. உயரமானியும் வேகமானியும் தனியாக இருக்கும். பேட்டரியே தேவையில்லாத பழைய மெக்கானிக்கல் வேரியோவையும் பல கிளைடர்களில் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தாலும் காற்று ஓடுறதை நிறுத்தாது இல்லையா.

அந்த ஃபிளாஸ்க்கை மனசுல வெச்சுக்கச் சொன்னேனே, அதுக்கு வருவோம். 1929-இல் ஒரு பைலட் தன் வேரியோ ஏன் லேட்டாக நகர்கிறது என்று கேட்டால், ஃபிளாஸ்க்கையும் குழாயையும் கழற்றிக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஃபிளாஸ்க் சிப்பாக மாறியபோது கருவி கூர்மையானது, ஆனால் அந்தப் பதில் கோடுக்குள் போய் மறைந்துகொண்டது. ஓப்பன் சோர்ஸ் வேரியோ எல்லா விதத்திலும் கடைக் கருவியை ஜெயிக்குதான்னு கேட்டா, அது வேற விவாதம். அது செய்வது ஒன்றுதான்: கழற்றிப் பார்க்கும் உரிமையைத் திருப்பித் தருகிறது. அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், உங்கள் ஊர்க் காற்றுக்கு ஏற்ப மாற்றலாம், மாற்றியது சரி என்று பட்டால் மற்றவர்களுக்கும் அனுப்பலாம்.

உடம்பு உணராத ஒன்றை ஒரு கருவி நமக்காக உணர்ந்து சொல்லும்போது, அது எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்கும் வழியும் நமக்கு இருக்கணும். கிளைடர் பைலட்டுக்கு அந்தக் கேள்வி 300 மீட்டர் உயரத்தில், கீழே வயல் பெரிதாகிக்கொண்டே வரும்போது வரும்.